விதையும் போத்தும்

முருங்கையைப் பெருக்க இரண்டு வழிகள் உண்டு. கிளையை வெட்டிப் போத்தாக ஊன்றலாம்; விதையைப் போட்டும் வளர்க்கலாம். நம் கொல்லைப்புறத்து முருங்கைகளில் பெரும்பாலானவை முதல் வழியில் வந்தவை. பக்கத்து வீட்டில் மரம் கழிக்கும்போது ஒரு கிளையைக் கேட்டு வாங்கி, மேல்முனையில் சாணியை அப்பி, வேலியோரம் ஊன்றிவிடுவார்கள். 1980களின் இறுதியில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து பி.கே.எம்.-1 என்ற செடிமுருங்கை வந்தபிறகு இரண்டாம் வழி வயல்களெங்கும் பரவியது.

தாவரம் ஒன்றுதான். ஆனால் மண்ணுக்குள் நடக்கும் காரியம் வேறு வேறு. விதைக்குள் வேர் ஏற்கெனவே குறுகிய வடிவில் இருக்கிறது. வெளியே வரலாமா, இன்னும் பொறுக்கலாமா என்பதுதான் அதன் முன்னுள்ள கேள்வி. போத்தில் வேர் என்று எதுவுமே கிடையாது. மரமாகிப்போன கிளை, தன்னிடம் இல்லாத ஓர் உறுப்பைப் புதிதாக உண்டாக்க வேண்டும். அதுவும் காய்ந்தோ அழுகியோ போவதற்குள். வீட்டில் விதை போடுகிறவர்களும் குச்சி நடுகிறவர்களும் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. இரண்டுக்கும் ஒரே வைத்தியமாகத் தண்ணீரை ஊற்றுகிறார்கள். பெரும்பாலான தோல்விகள் அங்கேதான் தொடங்குகின்றன.

நன்கு காய்ந்த விதையில் ஈரம் அதன் எடையில் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரைதான். உயிர் அடங்கிக் கிடக்கிறது. மூச்சு இருக்கிறதா என்று அளந்து பார்ப்பதே கடினம். தண்ணீர் பட்டதும் விதை உப்புகிறது. இதை முளைப்பின் தொடக்கம் என்று நினைத்து மகிழ்கிறோம், ஆனால் செத்த விதையும் இதேபோல் உப்பும். மாவுச்சத்தும் புரதமும் நீரை இழுப்பது வெறும் இயற்பியல். உயிருக்கு அதில் வேலை இல்லை. ஆகவே ஊறவைத்த விதை தண்ணீரில் மூழ்கிவிட்டது என்பதற்காக அது முளைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. நெல் விதை தேர்வதற்கு உப்புக் கரைசலில் முட்டையை மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கிறார்களே, அது சொல்வதும் விதை கனமானதா பதரா என்பதை மட்டும்தான். கனமான விதையில் வலுவான நாற்று வரும் என்பதால் அந்த முறைக்குப் பயன் உண்டு. உயிர் இருக்கிறதா என்று அறிய முளைக்கவைத்துப் பார்ப்பதைவிட எளிய வழி இல்லை: ஈரத்துணியில் இருபது விதைகளைச் சுருட்டி வைத்து, முளைத்தவற்றை எண்ணினால் போதும்.

ஊறிய சில மணி நேரத்தில் செல்கள் மூச்சுவிடத் தொடங்குகின்றன. காய்ந்து கிடந்த காலத்தில் மரபணு இழையில் நேர்ந்த உடைசல்கள் சரிசெய்யப்படுகின்றன. பிறகு வெளித்தோற்றத்துக்கு ஒன்றும் நடக்காத ஓர் இடைவேளை வருகிறது. அது முடிந்ததும் முளைவேர் தோலைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறது. தாவரவியலாளரின் கணக்கில் முளைப்பு அத்துடன் முடிந்துவிட்டது; அதற்குமேல் நடப்பதெல்லாம் வளர்ச்சி.

அந்த இடைவேளையில் விதைக்கு எல்லாவற்றையும்விடத் தேவைப்படுவது ஆக்சிஜன். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன் சுமார் 8 மில்லிகிராம். அதே ஒரு லிட்டர் காற்றில் 270 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கிறது. போதாததற்கு, காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. சுற்றிலும் தண்ணீர் தேங்கினால், விதை உறிஞ்சிக்கொண்ட இடத்தில் புது ஆக்சிஜன் வந்து சேர்வதற்குள் நேரம் கடந்துவிடுகிறது. பயறு முளைகட்டுகிறவர்களும் நெல் நாற்று விடுகிறவர்களும் இதைக் கைப்பழக்கத்தால் அறிந்தவர்கள். விதைநெல்லை ஒரு பகல் ஓர் இரவு ஊறவைத்து, தண்ணீரை வடித்து, ஈரச்சாக்கில் மூட்டம் போடுகிறார்கள். வடிக்கும் அந்தச் செயலில்தான் பாதி அறிவியல் இருக்கிறது. நெல் ஒரு விதிவிலக்கும்கூட: ஆக்சிஜனே இல்லாத நீரடியிலும் அது முளைக்கும். ஆனால் அப்போது குருத்துறை மட்டும் மேல்நோக்கி நீண்டு காற்றைத் தேடும், வேர் வளராது.

உள்ளே உணவு எப்படிக் கரைகிறது என்ற கதை ஒரு நோயிலிருந்து வெளிவந்தது. ஜப்பானிய வயல்களில் சில நெல் நாற்றுகள் மற்றவற்றைவிட ஒல்லியாக, வெளிறி, அசாதாரண உயரத்துக்கு வளர்ந்து சாய்ந்துவிடும். 1926இல் எய்ச்சி குரோசாவா, இதற்குக் காரணம் ஒரு பூஞ்சை சுரக்கும் பொருள் என்று காட்டினார். 1935இல் தெய்ஜிரோ யபுதா அதற்கு ஜிப்ரலின் என்று பெயர் வைத்தார். பிற்பாடுதான் தெரிந்தது, பூஞ்சையின் உதவி இல்லாமலே உயர்நிலைத் தாவரங்கள் இதைத் தாமே சுரக்கின்றன என்று. தானிய விதையில் கரு ஜிப்ரலினை அனுப்புகிறது. மாவைச் சூழ்ந்த மெல்லிய அடுக்கு அதைப் பெற்றுக்கொண்டு அமைலேஸ் என்னும் நொதியை வெளியிடுகிறது. மாவு சர்க்கரையாக உடைகிறது. முளைகட்டிய கேழ்வரகு மாவில் காய்ச்சிய கஞ்சி குழந்தைக்கு ஊட்டும்படி நெகிழ்வாக இருப்பதும் இந்த அமைலேஸினால்தான்.

ஜிப்ரலினுக்கு எதிர்த்தரப்பில் நிற்பது அப்சிசிக் அமிலம். அது 'பொறு' என்கிறது. தக்காளிப் பழத்துக்குள் ஈரம் உண்டு, வெப்பம் உண்டு. இருந்தும் விதை அங்கே முளைக்காமல் இருப்பதில் இந்த அமிலத்துக்குப் பெரும்பங்கு. மிகவும் கனிந்து அதன் கட்டுப்பாடு தளர்ந்த தக்காளியை அரிந்தால், சில நேரம் உள்ளேயே வால்விட்ட விதைகளைப் பார்க்கலாம். பிச்சாவரத்துச் சுரபுன்னைக்கு இந்தக் காத்திருப்பே கிடையாது. அதன் விதை தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, பச்சை ஈட்டிபோல் நீண்டு, பிறகுதான் சேற்றில் விழுகிறது. உவர்நீரில் ஓதத்துக்கு நடுவே ஒரு விதை உறங்கிக் கிடந்து விழிப்பதைவிட, முளைத்த நாற்றாக இறங்குவது அந்த இடத்துக்குப் பொருத்தம்.

மற்ற விதைகள் நாள் பார்க்கின்றன. கொன்றை, சூபாபுல், வேலம் போன்ற அவரைக் குடும்பத்து மரங்களின் விதைத்தோல் தண்ணீரையே உள்ளே விடாது. ஆட்டின் வயிற்றில் புகுந்து வெளியேறினாலோ, கொதித்து இறக்கிய வெந்நீரில் விழுந்தாலோ, உப்புத்தாளில் உரசப்பட்டாலோ அது வழிவிடும். சீமைக்கருவேலம் இவ்வளவு பரவியதற்கு நெற்றைத் தின்று ஊரெல்லாம் நடந்த ஆடுமாடுகள் ஒரு முக்கியக் காரணம்.

இன்னும் சில விதைகள் வெளிச்சத்தைக் கேட்கின்றன. 1952இல் அமெரிக்க வேளாண்மைத் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் ஆகியோரின் குழு லெட்யூஸ் விதைகளின்மேல் சிவப்பு ஒளியைக் காட்டியது, முளைத்தன. சிவப்புக்குப் பிறகு அகச்சிவப்பை ஒட்டிய தொலைச்சிவப்பைக் காட்டியது, முளைக்கவில்லை. இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினாலும் கடைசியாகக் காட்டியது எதுவோ அதுவே முடிவைத் தீர்மானித்தது. இதன் பின்னால் இருக்கும் நிறமிக்குப் பைட்டோகுரோம் என்று பெயர். இலைகளின் ஊடே வடிந்து வரும் வெயிலில் சிவப்பு குறைந்து தொலைச்சிவப்பு மிகுந்திருக்கும். ஆகவே, தலைக்கு மேலே வேறொரு செடி நிற்கிறது என்பதை மண்ணின் மேற்பரப்பில் கிடக்கும் பொடிவிதை இந்த ஒளியை வைத்தே அறிந்துகொள்கிறது. உழுத மறுவாரம் களை கிளம்புவதற்கும் இதில் பங்குண்டு: அடியில் இருட்டில் கிடந்த விதைகள் புரட்டப்பட்டு ஒரு நொடி வெயிலைப் பார்த்துவிடுகின்றன. வீட்டுத் தோட்டத்துக்கு இதிலிருந்து கிடைக்கும் விதி எளியது. விதையின் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். பொடி விதைகளுக்கு மண்ணே மூட வேண்டாம், மணலில் கலந்து தூவி லேசாகத் தட்டிவிட்டால் சரி.

முளைத்தபின் வெளிச்சம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அம்மன் கோயில் திருவிழா பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெயில் படாத அறையில் நவதானியத்தை விதைத்து வளர்க்கும் முளைப்பாரி அப்படியே ஒரு தாவரவியல் பரிசோதனை. வெளிர்மஞ்சள் நிறம், நெட்டையான தண்டு, விரியாத இலை. இருட்டில் இருக்கும் நாற்று, தான் இன்னும் மண்ணுக்கடியில் இருப்பதாகக் கொண்டு, கையிருப்பு உணவு முழுவதையும் உயரத்துக்கே செலவிடுகிறது. சன்னலோரம் வைத்த தக்காளி நாற்றுகள் நூல்போல் நீண்டு சரிவதும் இதே நோக்கத்தில்தான். உரம் போட்டால் அது சரியாகாது. முளை தெரிந்த அன்றே வெளிச்சத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

விதை எத்தனை காலம் உயிரோடு இருக்கும்? 1879இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற பேராசிரியர் களை விதைகளை மணலில் கலந்து இருபது குப்பிகளில் அடைத்து மண்ணில் புதைத்தார். அவருக்குப் பின்வந்தவர்கள் குறித்த காலத்தில் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுக்கிறார்கள். 2021இல் எடுத்த குப்பியிலும் சில விதைகள் முளைத்தன. கடைசிக் குப்பியின் முறை 2100இல் வரும். இதைவிட வியப்பானது இஸ்ரேலின் மசாடா கோட்டை அகழ்வில் கிடைத்த பேரீச்சங்கொட்டை. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழைய அந்தக் கொட்டை, 2005இல் சாரா சாலன், எலைன் சொலோவே என்ற இருவரின் முயற்சியில் முளைத்து மரமானது. நடுவதற்கு முன் அதை ஜிப்ரலிக் அமிலத்தில் ஊறவைத்தார்கள். பிறகு வேர் தூண்டும் மருந்திலும் ஊறவைத்தார்கள்.

நம் ஊரில் பல விதைகளுக்கு இந்தப் பொறுமை இல்லை. மாங்கொட்டையும் பலாக்கொட்டையும் காய்ந்தால் செத்துவிடும். பழம் தின்ற கையோடு நட்டாக வேண்டும். வேப்பங்கொட்டை வாரக்கணக்கில்தான் தாங்கும். முருங்கை விதையும் ஆண்டு கடந்தால் முளைப்பு சரியும். காயவைத்துச் சேமிக்கத்தக்க விதைகளுக்கு ஜேம்ஸ் ஹாரிங்டன் என்ற விதை ஆய்வாளர் ஒரு கைக்கணக்கு சொல்லியிருக்கிறார்: விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், சேமிக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிக்கும். சாம்பலில் புரட்டிக் காயவைத்துக் காற்றுப் புகாத தகரப் பெட்டியில் வைக்கும் பழக்கம் இந்தக் கணக்கின் முதற்பாதியை நிறைவேற்றுகிறது. இரண்டாம் பாதிக்குக் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது.

இனி போத்து.

வெட்டிய கிளையின் அடியில் என்ன நடக்கிறது? காயம்பட்ட இடத்தை ஒட்டி, பட்டைக்கு உட்புறம் உள்ள சில செல்கள் தங்கள் பழைய வேலையை விட்டுவிட்டு மறுபடி பிரியத் தொடங்குகின்றன. அவற்றுள் சில ஒழுங்குபட்டு வேரின் நுனியாக உருவெடுத்து, பட்டையைத் துளைத்துக்கொண்டு வருகின்றன. இவற்றை வேற்றிட வேர்கள் என்கிறோம். வெட்டுவாயில் வெள்ளையாகக் கட்டிநிற்கும் காழ்ப்பே பிறகு வேராகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். எளிதில் வேர்விடும் பெரும்பாலான செடிகளில் அந்தக் காழ்ப்பும் வேரும் தனித்தனி விளைவுகள். காழ்ப்பு கொழுத்து, வேரே வராமல் போன குச்சிகளும் உண்டு.

கரும்பு இந்தத் தொல்லையைத் தாண்டிவிட்ட பயிர். அதன் ஒவ்வொரு கணுவிலும் வளையமாகப் புள்ளிகள் தெரியும். அவை வேரின் தொடக்கங்கள், ஏற்கெனவே தயாராக உள்ளவை. கரணையை ஈரமண்ணில் கிடத்தினால் போதும். இந்த அளவில் கரும்புக் கரணை, பாதி விதை என்றே சொல்லலாம். வெற்றிலைக் கொடியின் கணுவிலும் வேர் தலைநீட்டிக்கொண்டிருக்கும்.

தயார்நிலை இல்லாத கிளையில் வேர் வர உத்தரவு எங்கிருந்து வருகிறது? ஜெர்மானியத் தாவரவியலாளர் ஹெர்மன் வோக்டிங் 1878இல் வெளியிட்ட ஆய்வுகளில் வில்லோ மரக் குச்சிகளை ஈரக்காற்றில் தொங்கவிட்டார். மரத்தில் இருந்தபோது எது அடிப்பக்கமோ அங்கே வேர் வந்தது. நுனிப்பக்கம் துளிர் வந்தது. தலைகீழாகத் தொங்கவிட்டாலும் அப்படியே. குச்சிக்குத் தன் மேல்கீழ் மறக்கவில்லை. குச்சி வெட்டும்போது அடியைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டும் வழக்கத்துக்கு இது போதுமான காரணம்: நடும்போது திசை மாறாது.

நினைவின் பொருள் ஆக்சின். 1880இல் சார்லஸ் டார்வினும் மகன் பிரான்சிஸும் புல் நாற்றின் நுனியை மூடிவைத்தால் அது ஒளியை நோக்கி வளைவதில்லை என்று கண்டு, நுனியிலிருந்து ஏதோ ஒரு செய்தி கீழே போகிறது என்றார்கள். 1926இல் நெதர்லாந்தில் ஃபிரிட்ஸ் வென்ட் அந்தப் பொருளை ஓட்ஸ் நாற்றின் நுனியிலிருந்து அகர் துண்டில் வடித்துப் பிடித்தார். 1934இல் கோகல் குழுவினர் இன்டோல் அசிட்டிக் அமிலம் என்று அதன் வேதிவடிவத்தை அடையாளம் கண்டார்கள், மனிதச் சிறுநீரிலிருந்து பிரித்து. ஆக்சின் துளிரிலும் இளம் இலையிலும் உண்டாகி, செல்லுக்குச் செல் கீழ்நோக்கியே கடத்தப்படுகிறது. கிளையை வெட்டினால் அதன் பயணம் வெட்டுவாயில் தடைப்படுகிறது. அங்கே அது குவிகிறது. குவிந்த இடத்தில் வேர் பிறக்கிறது.

1935இல் அமெரிக்காவின் பாய்ஸ் தாம்சன் நிறுவனத்தில் சிம்மர்மேன், வில்காக்சன் இருவரும் இன்டோல் பியூட்டிரிக் அமிலம் என்ற செயற்கை உறவுப்பொருளும் வேர் தூண்டும் என்று காட்டினார்கள். அது தாவரத்துக்குள் சீக்கிரம் சிதையாமல் நிலைப்பதால் நாற்றங்கால்களின் நிரந்தரச் சரக்காகிவிட்டது. கடையில் வேர்ப்பொடி என்று விற்பதில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். அதிகம் பூசினால் அதிக வேர் வரும் என்பதில்லை. அளவு மிஞ்சினால் வெட்டுவாய் கருகும்.

தேன், கற்றாழைச் சாறு, இலவங்கப்பட்டைத் தூள் என்று வீட்டு மருந்துகளும் புழங்குகின்றன. தேனில் தொட்டு நட்ட செம்பருத்தி வேர்விட்டதைச் சான்றாகக் காட்டுகிறார்கள். செம்பருத்தி எதைத் தொட்டு நட்டாலும் வேர்விடும். எதையும் தொடாமல் நட்டாலும் விடும். பத்துக் குச்சியைத் தேனிலும் பத்தைத் தேனில்லாமலும் ஒரே தொட்டியில், ஒரே நாளில் நட்டவர் பேசினால் கேட்கலாம்.

மருந்தைவிட முக்கியமானது ஈரக்கணக்கு. இலை நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கிறது. உறிஞ்சித்தர வேர் இல்லை. ஆகவே இலையைக் குறைக்கிறோம். ஆனால் ரோஜா, மல்லிகை போன்றவற்றின் இளந்தண்டில் எல்லா இலையையும் உருவிவிடுவது தவறு. சர்க்கரையும் ஆக்சினும் அந்த இலையிலிருந்துதான் வர வேண்டும். இரண்டு மூன்று இலைகளை விட்டு, பெரிதாக இருந்தால் பாதியாக நறுக்கி, அடி வெட்டிய தண்ணீர்ப் புட்டியைக் கவிழ்த்து மூடினால், உள்ளே காற்று ஈரமாக நின்று இழப்பு குறையும். இதை வெயிலில் வைக்கக் கூடாது. மூடிய புட்டிக்குள் குச்சி வெந்துவிடும். முருங்கை, அத்தி, திராட்சை போன்ற முற்றிய கிளைகளுக்கு இலையே வேண்டாம், உள்ளே சேர்ந்துள்ள மாவே தாங்கும். மேல்முனையில் அப்பும் சாணி அந்தக் கிளை காயாமல் காக்கும் மூடி.

மண்ணுக்குள் மறுபடி ஆக்சிஜன் கணக்குதான். புதிதாகப் பிரியும் செல்களுக்கு மூச்சு அதிகம் வேண்டும். களிமண்ணில் ஊன்றித் தினமும் தண்ணீர் ஊற்றினால், வேர் வருவதற்குள் அழுகல் வந்துவிடும். ஆற்றுமணலும் தென்னைநார்க் கழிவும் கலந்த கலவை ஈரத்தைப் பிடித்துக்கொண்டே காற்றுக்கும் இடம் விடுகிறது. தொட்டியின் அடியில் ஓட்டை இல்லாவிட்டால் எந்தக் கலவையும் பயனில்லை.

மாமரத்துக் கிளையை இப்படி வேர்விடச் செய்வது மிகக் கடினம். பொதுவாகவே மரம் முதிர முதிர அதன் கிளைகளுக்கு வேர்விடும் திறன் மங்குகிறது. அதனால்தான் மாமரத்துக்கு ஒட்டுக் கட்டுகிறோம். மாதுளை, கொய்யா போன்றவற்றுக்குப் பதியன் நல்ல உபாயம்: கிளையைத் தாயிடமிருந்து பிரிக்காமலே, பட்டையை வளையமாக உரித்து, ஈரப்பாசியால் சுற்றிக் கட்டுகிறோம். நீர் உட்கட்டை வழியாக வந்துகொண்டிருக்கும். கீழே இறங்கும் ஆக்சினும் சர்க்கரையும் உரித்த இடத்தில் தேங்கும். காய்வதற்கும் வேர்விடுவதற்கும் இடையிலான பந்தயமே இங்கே இல்லை.

போத்தில் வந்த மரம் தாய்மரமேதான். காயின் நீளமும் சுவையும் மாறாது. நீளமாகக் காய்க்கும் யாழ்ப்பாண முருங்கையின் விதையைப் போட்டால் அதே நீளத்துக்கு உத்தரவாதமில்லை, ஏனெனில் முருங்கையில் அயல்மகரந்தச் சேர்க்கை மிகுதி. ஆனால் தாயின் நோயும் போத்தோடு வரும். மரவள்ளிக் குச்சிகள் வழியாகத் தேமல் நோய் தோட்டம்விட்டுத் தோட்டம் போவது சேலம், நாமக்கல் உழவர்கள் அறிந்ததே. இலங்கைத் தேமல் வைரஸ் என்று பெயர்பெற்ற ஒருவகை 2015இல் கம்போடியாவில் காணப்பட்டு, சில ஆண்டுகளிலேயே அண்டை நாடுகளிலும் பரவியது. நடவுக்குச்சி வணிகம் அதன் வாகனங்களுள் ஒன்று. விதை இந்த விஷயத்தில் ஒரு வடிகட்டி. தாவர வைரஸ்களில் பெரும்பாலானவை அதைக் கடந்து அடுத்த தலைமுறைக்குப் போவதில்லை. விதையில் வந்த முருங்கைக்கு ஆணிவேர் உண்டு. போத்துக்கு அது கிடையாது. எனவே, காயை நம்பி ஒரு நல்ல மரத்தைத் தொடரப் போத்து. காற்று மிகுந்த இடத்துக்கும் நோய் சந்தேகமுள்ள இடத்துக்கும் விதை. என் தேர்வு இதுதான்.

கடைசியாக ஒன்று. ஊன்றிய குச்சியில் துளிர் தெரிந்ததும் வேர்விட்டுவிட்டது என்று முடிவுகட்டி வெயிலுக்கு மாற்றாதீர்கள். மொட்டு விரிவதற்குத் தண்டில் சேர்ந்திருக்கும் உணவே போதும்; வேர் ஒன்றுகூட இல்லாமல் நான்கு இலை விட்டு, பிறகு ஒரே நாளில் வாடிப்போகும் குச்சிகள் ஏராளம். பிடுங்கியும் பார்க்காதீர்கள், அப்போதுதான் வந்த வேர்நுனி ஒடிந்துவிடும். இரண்டு விரலால் மெல்ல மேலே இழுத்தால் மண் பிடித்துக்கொள்கிறதா என்று பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் இன்னும் சில வாரம் நிழலிலேயே இருக்கட்டும்.